சிஸ்டர் என்ன உடுத்தணும்?

உலகத்தில் இரண்டு பேர் என்ன உடுத்த வேண்டும் என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒருவர், அடுத்த வீட்டு மருமகள். இன்னொருவர், ஆஸ்பத்திரி நர்ஸ். இரண்டு கேஸிலும் ஒரே ஒற்றுமை: உடுத்துகிறவரை மட்டும் யாரும் கேட்பதில்லை.

எங்கள் குருவிகுளம் இந்த விஷயத்தில் ஐ.நா. சபைக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. (சங்கரன்கோவில் பக்கம். கரிசல் பூமி. மழை பெய்தால் நாம் நடந்து போவோம், செருப்பு அங்கேயே தங்கிவிடும். ரொம்ப காலம் திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பர் 22-லிருந்து தென்காசி மாவட்டம். மாவட்டம் மாறினாலும் டீக்கடை பெஞ்ச் மாறவில்லை.) அந்த பெஞ்சில் சமீபத்தில் நடந்த மகாநாட்டின் தலைப்பு: ‘நர்ஸ்களுக்குப் பழைய உடுப்பே வேண்டுமா, வேண்டாமா?’

பழைய உடுப்பு என்றால் என்ன என்பதிலேயே முதல் தகராறு. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவருக்கு அது வெள்ளை கவுன், தலையில் கஞ்சி போட்டு மடித்த தொப்பி. “பார்த்த உடனே பாதி நோய் போயிரும்லா!” என்றார். (மீதிப் பாதி போய், பில்லைப் பார்த்ததும் முழுசாகத் திரும்பி வரும் என்பது வேறு விஷயம்.)

சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கிற அண்ணாச்சிக்கு அது வெள்ளைச் சேலை. “எல்லாப் பொம்பளைப் பிள்ளைகளும் பேண்ட்டுக்குப் போயிட்டா, சேலையை யாருய்யா எடுப்பா? தறியை எடைக்குப் போட்டுரவா?” என்றார். நியாயமான கவலை. ஆனால் அது நர்ஸைப் பற்றிய கவலை இல்லை.

மூன்றாவதாக ஓர் இளவட்டம். ஒரு கண் போனில், இன்னொரு கண் ரோட்டில். “படத்துலே வர்ற நர்ஸு டிரெஸ்ஸே சூப்பரா இருக்கும்ணே” என்றான். எந்தப் படம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பதே நாகரிகம்.

ஆக, ஒருவருக்கு மரியாதை, ஒருவருக்கு வியாபாரம், ஒருவனுக்குக் கண்காட்சி. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கிற பெண்ணுக்கு எது வசதி என்ற கேள்வி மட்டும், பெஞ்சில் இடம் கிடைக்காமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தது.

சரி, ‘பாரம்பரியம், பாரம்பரியம்’ என்கிறோமே... அது யாருடைய பாரம்பரியம்? கொஞ்சம் தோண்டிப் பார்க்கலாம்.

1854. கிரிமியா யுத்தம். காயம்பட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைக் கவனிக்க ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 பெண்களைக் கூட்டிக்கொண்டு ஸ்குட்டாரிக்குக் கிளம்பினார். (இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதி.) அந்த 38 பேரில் 10 பேர் கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள். 14 பேர் ஆங்கிலிக்கன் சபைகளின் சேவைப் பெண்கள். மீதி 14 பேர்தான் ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள். மடத்துக்கும் வார்டுக்கும் இருந்த இந்த உறவில்தான் ‘சிஸ்டர்’ என்ற கூப்பாடு வந்தது. தலையில் தொப்பி வந்ததும் அந்த வழியில்தான். முக்காட்டின் சித்தி மகள் அது.

அவர்களுக்கு அவசர அவசரமாக ஒரு யூனிஃபார்ம் தயாரானது. சாம்பல் நிறத்தில் முரட்டுக் கம்பளித் துணியில் கவுன், அதே நிறத்தில் ஒரு ஜாக்கெட், வெள்ளைத் தொப்பி, தோளில் போட்டுக்கொள்ள ஒரு துண்டு. அந்தத் துண்டில் சிவப்பு நூலால் ‘ஸ்குட்டாரி ஆஸ்பத்திரி’ என்று எழுத்து வேலை. அழகுக்காக இல்லை சார். யுத்த காலம். தெருவெல்லாம் குடித்துவிட்டுத் திரிகிற சிப்பாய்கள். ‘இவள் ஆஸ்பத்திரிப் பெண், கையை வைக்காதே’ என்று தூரத்திலேயே சொல்ல ஒரு போர்டு தேவைப்பட்டது. அந்தப் போர்டுதான் யூனிஃபார்ம்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நர்ஸின் அந்த யூனிஃபார்மில் எழுதியிருந்த விஷயம் நோயாளிக்கு இல்லை. ஆம்பளைக்கு.

இன்னொரு சுவாரஸ்யம். அந்தக் குழுவில் வந்த ஒரு நர்ஸ், ஊர் போய்ச் சேர்ந்ததும் நைட்டிங்கேலிடமே புகார் சொன்னார். தொப்பியைப் பற்றி! ஒவ்வொரு முகத்துக்கு ஒவ்வொரு தொப்பிதான் பொருந்தும். இந்தத் தொப்பியைத்தான் போடணும் என்று முன்னாலேயே தெரிந்திருந்தால், சேவை செய்ய எவ்வளவு ஆசை இருந்தாலும் வந்தே இருக்க மாட்டேன் என்கிற ரீதியில். ஆக, நர்ஸ் தொப்பிக்கு என்ன வயதோ, அதே வயதுதான் தொப்பி பற்றிய புகாருக்கும். இரட்டைப் பிள்ளைகள்.

1860-ல் நைட்டிங்கேல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1871-ல் நம்ம மெட்ராஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியிலும் நர்ஸ் பயிற்சிப் பள்ளி வந்துவிட்டது. 1926-ல் மெட்ராஸ் மாகாணத்தில் நர்ஸ்களையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய ஒரு சட்டமே போட்டார்கள். வெள்ளைக்காரன் பாடம் கொண்டுவந்தான், கூடவே பெட்டியில் கவுனும் தொப்பியும் வந்தது. நம் ஊர் வெயிலுக்கு அது பொருந்துமா என்று யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. வக்கீல்களுக்குக் கறுப்புக் கோட்டு பொருந்துமா என்று கேட்டார்களா, என்ன?

அப்புறம் மெல்ல மெல்ல கவுன் போய் வெள்ளைச் சேலை வந்தது. அந்தக் காலத்தில் அதுதான் புதுமை. வாத்தியாரின் பாரம்பரியத்தை அண்ணாச்சியின் பாரம்பரியம் துரத்திவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் நம் கிராமங்களில் பிரசவம் பார்த்த மருத்துவச்சி என்ன யூனிஃபார்ம் போட்டிருந்தாள்? ஒன்றும் இல்லை. வீட்டில் கட்டியிருந்த சேலையை வரிந்து கட்டி, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே போவாள். வரிந்து கட்டுவதுதான் அங்கே பாரம்பரியம். அதாவது, வேலைக்குத் தகுந்த மாதிரி உடுப்பை மாற்றிக்கொள்வது.

சந்தேகமிருந்தால் எங்கள் பக்கம் பருத்திக் காட்டுக்கு வாருங்கள். பருத்தி எடுக்கிற பொம்பளைகளைப் பாருங்கள். சேலை கட்டியிருப்பார்கள். அதற்கு மேலே புருஷனுடைய பழைய முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. பருத்தியைப் போட மடி. பேஷன் டிசைனர் யாரும் வரைந்து கொடுத்ததில்லை. வெயில் ஒரு அளவு சொன்னது, செடி ஒரு அளவு சொன்னது, அதன்படி அவர்களே அமைத்துக்கொண்டார்கள். ‘ஐயையோ, சேலைக்கு மேல் சட்டையா! பண்பாடு என்னாவது!’ என்று எந்த வாத்தியாரும் வரப்பில் நின்று கத்தியதில்லை. பருத்தி வீட்டுக்கு வந்தால் போதும்.

நாம் மட்டும் என்னவாம்? 2019-ல் தமிழ்நாடு அரசு, தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை பற்றி ஓர் ஆணை போட்டது. பெண்கள் சேலை, சல்வார், துப்பட்டாவோடு சுடிதார். ஆண்கள் சட்டை பேண்ட், இல்லாவிட்டால் தமிழ்ப் பண்பாட்டைக் காட்டுகிற வேட்டி. பேண்ட்டும் சரி, வேட்டியும் சரி. உங்கள் ஆபீஸில் எண்ணிப் பாருங்கள். தினமும் வேட்டியில் வருகிறவர் எத்தனை பேர்? ரிட்டயர்மென்டுக்கு ஒரு வருஷம் பாக்கியிருக்கிற சூப்பரின்டெண்டென்ட்டை விட்டுவிட்டு எண்ணுங்கள். பஸ் படிக்கட்டு, பைக் கிக்கர், காற்று... நமக்கு வேட்டி அசௌகரியமானதும் சத்தமில்லாமல் பேண்ட்டுக்குள் நுழைந்துவிட்டோம். பெஞ்ச் எதுவும் கூடவில்லை. தீர்மானம் எதுவும் போடவில்லை. பாரம்பரியத்தைச் சுமக்கிற வேலையை மட்டும் பெண்கள் பக்கம் தள்ளிவிட்டோம்.

எங்கள் சொந்தத்தில் ஒரு மதினி இருபது வருஷத்துக்கு மேலாக நர்ஸ். சேலையும் கட்டியிருக்கிறார், சுடிதாரும் போட்டிருக்கிறார். பெஞ்சில் நடந்ததைச் சொல்லி, “நீங்க சொல்லுங்க மதினி, எது நல்லது?” என்று கேட்டேன்.

“தம்பி, சேலையா, பேண்ட்டான்னு கேக்காதீங்க. பாக்கெட் இருக்கான்னு கேளுங்க” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேனா, கத்தரிக்கோல், பிளாஸ்திரி, சின்ன டார்ச், டாக்டர் சொன்னதைக் குறித்துவைத்த துண்டுச் சீட்டு... நர்ஸின் கையில் எப்போதும் அரை டஜன் சாமான் இருக்கும். சேலையில் அதை எங்கே வைப்பது? சேலைக்கு மேல் ஒரு கோட்டு வந்தால் நமக்கு அது அந்தஸ்து மாதிரித் தெரிகிறது. அவர்களுக்கு அது இரண்டு பாக்கெட். இத்தனை வருஷமாக இதை மகாநாட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. காரணம், நம்ம சட்டையிலும் பேண்ட்டிலும் சேர்த்து நாலைந்து பாக்கெட் இருக்கிறது. (உள்ளே ஒன்றுமில்லை என்பது மாசக் கடைசிப் பிரச்னை.)

மதினி மேலும் சொன்னார். ஒருத்தருக்கு இதயம் நின்றுபோனால் நெஞ்சில் கை வைத்து அமுக்க வேண்டும். நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை. ஒவ்வொரு தடவையும் நெஞ்சு 5 சென்டிமீட்டராவது உள்ளே போகணும். கட்டில் உயரமாக இருந்தால் நர்ஸ் கட்டில் மேலேயே ஏறி முட்டி போடணும். ஐந்தரை மீட்டர் துணி, அதில் கொசுவம், அதற்கு நாலு ஊக்கு. அமுக்குகிற கையைப் பார்ப்பாரா, அவிழ்கிற கொசுவத்தைப் பார்ப்பாரா? “சேலையிலேயே பதினைஞ்சு வருஷம் ஓடியிருக்கேன், தம்பி. எனக்கு அது பழக்கம். ஆனா புதுசா வர்ற பிள்ளைகளை ‘நீயும் அதிலேதான் ஓடணும்’னு சொல்ல எனக்கு வாய் வரலே” என்றார்.

சுத்தம் என்று ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் 2007-ல் ஒரு விதி அறிவித்தார்கள். அடுத்த வருஷம் அமலுக்கு வந்தது. நோயாளியைத் தொடுகிற டாக்டரோ நர்ஸோ, முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. முழுக்கை கிடையாது, வாட்ச் கிடையாது, வளையல் கிடையாது. கையை நன்றாகக் கழுவ அது தடை. அத்தோடு டாக்டர்களின் டையையும் கழற்றச் சொன்னார்கள். 2004-லேயே நியூயார்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் 42 பேரின் டைகளைச் சோதித்திருக்கிறார்கள். 20 டைகளில் நோய் தரக்கூடிய கிருமிகள்! காரணம் ரொம்ப எளிது. சட்டையைத் துவைப்போம், டையை யார் துவைக்கிறார்கள்? (டை கட்டுகிற மார்க்கெட்டிங் நண்பர்கள் உடனே கழுத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டாம். நீங்கள் யாரையும் ஆபரேஷன் செய்வதில்லை, டார்கெட் விஷயத்தில் மானேஜர்தான் உங்களைச் செய்கிறார்.)

தொப்பி கதையும் இதே கதைதான். குனியும்போது ஸ்க்ரீனில் உரசும், குளுக்கோஸ் ஸ்டாண்டில் மாட்டும். விழுந்தால் எடுத்துத் திரும்ப மாட்ட ஹேர்பின். முடி முழுக்க மூடாததால் முடி உதிராமல் தடுக்கவும் அதற்குத் துப்பில்லை. ஒரு வேலையும் செய்யாமல் தலைமேல் உட்கார்ந்திருக்கிறவர்களை ஆபீஸில் பொறுத்துக்கொள்ளலாம். வார்டில் முடியாது. அதனால்தான் ஊர் ஊராக அது ரிட்டயர் ஆகிவிட்டது.

வெள்ளை நிறம்கூட அவ்வளவு புனிதமில்லை. ஆபரேஷன் தியேட்டரில் பளீரென்ற விளக்கடியில், சிவப்பு ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வெள்ளைத் துணியைப் பார்த்தால் கண் கூசும், பச்சையாகப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். 1914-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஹாரி ஷெர்மன் என்ற சர்ஜன் தியேட்டரையே கீரைப் பச்சைக்கு மாற்றினார். அப்புறம்தான் பச்சையும் நீலமும் உலகம் பூராவும் பரவின. அங்கேயும் தீர்ப்புச் சொன்னது பாரம்பரியம் இல்லை, கண்.

இவ்வளவு சொன்னதால் வாத்தியார் சொன்னதில் அர்த்தமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் பக்கம் ஒரு பலமான பாயின்ட் இருக்கிறது. அதை நான் சொந்த அனுபவத்தில் பார்த்தேன்.

சில வருஷத்துக்கு முன்னால் அப்பாவை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். (பெயர் வேண்டாம்.) ராத்திரி இரண்டு மணி இருக்கும். நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். குளுக்கோஸ் பாட்டில் காலி. ட்யூபில் ரத்தம் மேலே ஏற ஆரம்பித்திருக்கிறது. அம்மா பதறிப்போய் வெளியே ஓடியிருக்கிறார். அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே ஊதாக் கலர் டாப்ஸ், ஒரே பேண்ட். முதலில் அகப்பட்ட பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தால், “நான் பில்லிங்மா”. அடுத்த பெண், “நான் லேப். சிஸ்டரைக் கூப்பிடுங்க”. அதுதானே அம்மாவுக்குப் பிரச்னை! சிஸ்டர் எது? மூன்றாவது ஆள்தான் நர்ஸ். அவர் ஓடிவந்து ட்யூபை மூடி, சரி செய்து, “பயப்படாதீங்கம்மா, ஒண்ணும் ஆகலே” என்று சொன்ன பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது.

மேலே வந்த என்னிடம் அம்மா சொன்ன முதல் வார்த்தை: “அந்தக் காலத்துலே தொப்பியைப் பார்த்தா தெரிஞ்சிரும்டா.”

பதில் சொல்ல முடியவில்லை. தொப்பிக்குக் கிருமியைத் தடுக்கத் தெரியாது, முடியைத் தடுக்கத் தெரியாது. ஆனால் பயந்துபோன ஒரு கிழவிக்கு, வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்தே ‘நான் இங்கே இருக்கேன்’ என்று சொல்லத் தெரியும். படிக்காதவருக்கும் தெரியும், கண்ணாடி மறந்தவருக்கும் தெரியும். தொப்பியை எடுத்த நிர்வாகங்கள் அது செய்துகொண்டிருந்த அந்த ஒரே உருப்படியான வேலையை வேறு யாருக்கும் ஒதுக்காமல் எடுத்துவிட்டன. கோளாறு அங்கேதான்.

“பேட்ஜ் இருக்கே சார்” என்பீர்கள். இருக்கிறது. இங்கிலீஷில், தபால் தலை சைஸில், துப்பட்டாவுக்கோ கோட்டுக்கோ பின்னால் ஒளிந்துகொண்டு. பேரும் பதவியும் படிக்க வேண்டுமானால் நர்ஸுக்கு அரை அடி தூரத்தில் போய் உற்றுப் பார்க்க வேண்டும். ஓர் ஆம்பளை அப்படிப் பார்த்தால் என்ன ஆகும்? அப்பா பெட்டுக்குப் பக்கத்து பெட் காலியாக இருந்தால் நமக்கு அங்கே அட்மிஷன்.

கேட் கிரேஞ்சர் என்று இங்கிலாந்தில் ஒரு டாக்டர் இருந்தார். அவருக்கே கேன்சர். நோயாளியாகப் படுத்திருந்தபோது கவனித்தார்: வருகிறார்கள், தொடுகிறார்கள், குத்துகிறார்கள், போகிறார்கள். யார் என்றே சொல்வதில்லை. 2013-ல் ‘வணக்கம், என் பேர் இன்னது’ என்று சொல்லிவிட்டு நோயாளியைத் தொடுங்கள் என்று ஓர் இயக்கமே தொடங்கினார். ஊர் உலகமெல்லாம் பரவியது. 2016-ல் அவர் இறந்துபோனார். செலவே இல்லாத யூனிஃபார்ம் அது. வாயைத் திறந்தால் போதும்.

2020-ல் கொரோனா வந்தபோது நாமே பார்த்தோம். தலையிலிருந்து கால் வரை கவச உடை. டாக்டர் யார், நர்ஸ் யார், ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது. சேலையும் இல்லை, தொப்பியும் இல்லை, சுடிதாரும் இல்லை. என்ன செய்தார்கள்? மார்க்கர் பேனாவை எடுத்து நெஞ்சிலும் முதுகிலும் பெரிசாகப் பேரை எழுதிக்கொண்டார்கள். எல்லா உடுப்பையும் கழித்துவிட்டுப் பார்த்தால் கடைசியில் தேவைப்பட்டது பெயர்.

இன்னொரு கேள்வி. நர்ஸ் என்றதும் பெண்ணைப் பற்றியே பேசுகிறோம். ஆண் நர்ஸ்கள்? 2019-ல் எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளில் நர்ஸ் வேலையில் பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 20 சதவீதம் என்று ஒரு கணக்கு முடிவு செய்தார்கள். ஆக, ஆண்களும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு எது பாரம்பரிய உடுப்பு? கவுனா? தொப்பியா? பெஞ்சில் கேட்டேன். சிரித்தார்கள். “அவன் பேண்ட் சட்டைதான்லே போடணும், குனிஞ்சு நிமிந்து வேலை பார்க்கணும்லா” என்றார் வாத்தியார்.

குனிஞ்சு நிமிந்து! மதினி என்ன, நாற்காலியில் உட்கார்ந்தா வேலை பார்க்கிறார்?

இப்போது அந்த இளவட்டத்திடம் வருவோம். (ஓடாதே தம்பி, நில்லு.) சினிமாவில் நர்ஸ் என்றால் ஒன்று கண்ணீர், இல்லாவிட்டால் கிளுகிளுப்பு. உடுப்பை இறுக்கித் தைப்பார்கள், ஊசியைக் காட்டி டபுள் மீனிங் ஜோக் அடிப்பார்கள். தியேட்டரில் விசில். அந்த விசிலைத்தான் நைட் டியூட்டி முடிந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பெண் வாங்கிக் கட்டிக்கொள்கிறாள். பலர் யூனிஃபார்மைப் பையில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் மாற்றிக்கொள்வதற்குச் சுத்தம் ஒரு காரணம். நாம் இன்னொரு காரணம். 1854-ல் ‘கையை வைக்காதே’ என்று சிவப்பு நூலில் எழுதித் தோளில் போட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் துண்டுக்கு வேலை இருக்கிறது என்றால், மாற வேண்டியது துணி இல்லை.

நல்ல சினிமாவும் உண்டு. 1961-ல் வந்த ‘பாலும் பழமும்’. சரோஜாதேவி நர்ஸ். டாக்டர் சிவாஜிக்குக் கண் போய்விடுகிறது. அதே சரோஜாதேவி வேறு பெயரில் நர்ஸாக வந்து கவனித்துக்கொள்கிறார். பார்வையில்லாத அந்த நோயாளிக்கு நர்ஸ் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தால் என்ன? அவருக்குக் கிடைத்தது கையும் குரலும்தான். அந்தக் கதையை நம்பி நம் அம்மாமார்கள் அழுதார்கள். தொப்பிக்காக யாரும் அழுததாக ஞாபகமில்லை.

மரியாதை வேண்டும் என்கிற வாத்தியாருக்கு ஒரு வார்த்தை. மரியாதையைத் துணியில் தேடினால் கிடைக்காது, சம்பளக் கவரில் தேடுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் 1946-லேயே நர்சிங்கில் டிகிரி வந்தாயிற்று. அவ்வளவு பழைய படிப்பு. ஆனால் 2015-ல் தமிழ்நாட்டில் அரசு தேர்வு வாரியத்தின் பரீட்சை எழுதித் தேர்வான நர்ஸ்களுக்கு ஆரம்பத்தில் கிடைத்த தொகுப்பூதியம் மாசம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. தனியாரிலே? 2016-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தத் தொகையைக் கண்ணால் பார்க்காத நர்ஸ்கள் இன்னும் எத்தனையோ பேர். வெள்ளைச் சேலை என்றால் தினமும் சோப்பு, நீலம், கஞ்சி, இஸ்திரி. அந்தச் செலவை ‘பாரம்பரியம்’ கணக்கில் எழுதி யாரும் கொடுப்பதில்லை.

அப்படியானால் என்னதான் உடுத்தணும் என்கிறீர்களா? நான் யார் சொல்ல? ஆனால் எந்த உடுப்பாக இருந்தாலும் நாலு கேள்வி கேட்கலாம். முழங்கை வரை கை கழுவ முடியுமா? கூப்பிட்டால் ஓட முடியுமா? பாக்கெட் இருக்கா? பத்தடி தூரத்திலிருந்து, என் அம்மா மாதிரி ஒருவருக்கு ‘இதுதான் நர்ஸ்’ என்று தெரியுமா? நாலுக்கும் ‘ஆமாம்’ என்றால் சேலையாக இருந்தாலும் பாஸ், பேண்ட்டாக இருந்தாலும் பாஸ். கடைசிக் கேள்விக்கு வழி ரொம்பச் சுலபம். நர்ஸுக்கு மட்டும் ஒரு நிறம். அதை பில்லிங்குக்கும் லேபுக்கும் கொடுக்கக் கூடாது. நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குத் தமிழில் பெயர், கீழே ‘நர்ஸ்’. ஆண் நர்ஸுக்கும் அதே.

அப்புறம் மிச்சமிருக்கிற நிறம், தையல், சேலையா சுடிதாரா என்பதையெல்லாம் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்களையே ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். நாட்டை யார் ஆள்வது என்று முடிவு செய்ய ஓட்டு கொடுத்திருக்கிறோம். தன் முந்தானையைப் பற்றி முடிவு செய்ய ஒரு ஓட்டு கொடுத்தால் குறைந்தா போய்விடுவோம்?

எல்லாவற்றையும் மதினியிடம் சொல்லி, “பெரிசா தமிழ்லே பேரு எழுதிட்டா எல்லாம் சரியாயிரும்லா மதினி?” என்றேன்.

மதினி சிரித்தார். “எழுதட்டும் தம்பி, நல்லதுதான். ஆனா எழுதினதுக்கப்புறமும் ‘ஏ இந்தாம்மா, ஸ்ஸ்ஸ்’னுதான் கூப்பிடுவாங்க. அதுக்கு எந்த டெய்லர்கிட்டே போறது?”